செவ்வாய்க்கிழமை நோயாளிகள்

2009-ல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில், வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, நாட்பட்ட களைப்பு நோய் கிளினிக்கில் என்னைப் போட்டார்கள். யாரும் விரும்பிப் போகாத கிளினிக் என்பது பிறகுதான் தெரிந்தது. கோயம்புத்தூரில் படித்த நான்கரை வருடத்தில் அந்த நோயின் பெயரை ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா என்பதே சந்தேகம். ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அம்மா, "அலுப்புக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? இங்க ஒரு அலுப்பு மருந்து வாங்கிக் குடிச்சா முடிஞ்சு போச்சு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டீமில் நான்கு பேர். மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும்: இவர்களுக்கு என்னதான் வந்திருக்கிறது? டாக்டருக்கு வைரஸ் மேல்தான் கண். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரைச் சுற்றி நடந்த ஆய்வை அடிக்கடி எடுத்துப் போடுவார். எப்ஸ்டீன்-பார், க்யூ காய்ச்சல், ராஸ் ரிவர் என்று மூன்று வெவ்வேறு தொற்று வந்த 253 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஆறு மாதம் கழித்தும் 11 சதவீதம் பேர் இந்த நோயோடு இருந்தார்கள். 2006-ல் வந்த கட்டுரை. யாருக்கு நோய் நீடிக்கும் என்பதை அவரவர் மனநிலை தீர்மானிக்கவில்லை, முதலில் வந்த காய்ச்சலின் கடுமைதான் தீர்மானித்தது. சைக்காலஜிஸ்ட் விடமாட்டார். சரி, கிருமி போன பிறகும் ஏன் எழுந்திருக்கவில்லை, அசைந்தால் வலிக்கும் என்ற பயம்தானே என்பார். எனக்கு தசை. படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், இளைத்தால் களைப்பு, களைப்பால் மறுபடி படுக்கை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம், யாருடைய காரணமும் அவரவர் வாங்கும் சம்பளத்துக்கு வெளியே போகவில்லை. நர்ஸ் மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. கேரளாக்காரர், நான் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். "ரத்தம் எடுக்கறது நான், ரிசல்ட் எல்லாம் நார்மல், ஆள் மட்டும் நார்மல் இல்ல" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடுவார்.

ஜெயித்தது என் கட்சிதான். 2007-ல் வந்த அரசு வழிகாட்டியிலேயே படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி இருந்தது. 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் பேஸ் என்ற ஆய்வு வந்தது, 641 பேர், பயிற்சியும் பேச்சு சிகிச்சையும் பலன் தருகின்றன என்று. அன்று நான் நடந்த நடையே வேறு.

அந்த வருடம்தான் ஒரு ஆசிரியை வந்தார், நாற்பதுக்குக் கீழே வயது. எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல் வந்து மூன்று வருடமாகியும் எழவில்லை. முதல் நாள் பிளாஸ்டிக் உறையில் ஒரு பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். 2009-ல் சயின்ஸ் இதழில் வந்த எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸைப் பற்றிய கட்டுரை, நோயாளிகளில் 67 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஒரு ரெட்ரோவைரஸ். "இதுக்கு இங்கே டெஸ்ட் உண்டா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு என் அட்டவணையை நீட்டினேன்: ஐந்து நிமிடம் நடை, அடுத்த வாரம் ஆறு, அப்புறம் ஏழு. அந்தக் கட்டுரை 2011 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது; அந்த வைரஸ் ஆய்வகத்தில் கலந்த அசுத்தம். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம், அதை மறைத்து என்ன பயன்.

நான்காவது வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார். டியூப்லைட் வெளிச்சம் தாங்கவில்லையாம். ட்ரெட்மில்லில் ஏறும் முன் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்: "நீங்க பார்க்கிறது என் செவ்வாய்க்கிழமையை மட்டும்தான். இதுக்காக ஞாயிறும் திங்களும் படுத்தே இருப்பேன், தலைக்குக் குளிக்க மாட்டேன். புதன், வியாழன் நான் எப்படி இருக்கேன்னு நீங்க பார்த்ததில்ல." நான் ஏழு நிமிடத்துக்கு மெஷினை வைத்தேன். ஆறாவது வாரம் வரவில்லை, ஏழாவதும் வரவில்லை. கோப்பில் "ஆர்வம் குறைவு" என்று எழுதி மூடினேன்.

பேஸ் ஆய்வின் மூலத் தரவு 2016-ல், ஒரு தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு முன்பே நோயாளிகள் கையில் பென்சிலோடு உட்கார்ந்து கண்டுபிடித்த ஒன்று உண்டு. ஆய்வில் சேர உடலியக்க மதிப்பெண் (கூடக் கூட நல்லது) 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு வெளியிட்ட குணமடைந்தோர் கணக்கில் அதே மதிப்பெண்ணுக்கு வைத்த எல்லை 60. அதாவது ஒருவர் 65-ல் நுழைந்து 60-க்கு இறங்கினாலும் அந்த ஒரு அளவுகோலில் தேறிவிடுவார். நான் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தேன், அட்டவணைகள் உட்பட. கண்ணில் படவில்லை.

2020 ஏப்ரலில் சேச்சிக்கு கொரோனா. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. ஜூலையில் வேலைக்கு வந்து ஒரு ஷிஃப்ட் முடித்தார், மறுநாள் மாலை வரை நன்றாகத்தான் இருந்தார், அதற்கு அடுத்த நாள் மாடியிலிருந்து கழிப்பறைக்குப் போகத் தவழ்ந்ததாகப் போனில் சொன்னார். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். இவருக்கு ஆர்வம் குறைவு என்று எழுத எனக்குக் கை வருமா?

அப்போதுதான் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக் கதையை உட்கார்ந்து படித்தேன். 1955 ஜூலையில் அங்கே ஊழியர்கள் இதே மாதிரி ஒரு நோயில் வரிசையாக விழுந்தார்கள், 292 பேர், அவர்களில் பலர் நர்ஸுகள். அக்டோபர் வரை மருத்துவமனையை மூடியே வைத்தார்கள். பதினைந்து வருடம் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்க்காமல், இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நர்ஸ் வேலையில் 1955-ல் வேறு யார் இருந்திருப்பார்கள்?

2021 அக்டோபரில் வழிகாட்டி மாறியது. இப்படிக் குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது, தசை இளைப்புதான் காரணம் என்ற அடிப்படையில் எதுவும் செய்யக் கூடாது. 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், நீண்டகால கோவிட் இருந்தவர்களின் தசையில் பயிற்சிக்கு முன்னும் மறுநாளும் துணுக்கு எடுத்துப் பார்த்து, உழைப்புக்குப் பின் தசை சேதமாவதைக் காட்டினார்கள். 2025-ல் எடின்பரோவிலிருந்து பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்து எட்டு இடங்களில் வித்தியாசம் என்றார்கள், நோயெதிர்ப்பும் நரம்பும் சம்பந்தப்பட்டவை. சாப்பாட்டு மேசையில் சண்டை இன்னும் ஓயவில்லை. டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், நான் இப்போது எந்தக் காரணத்தையும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

அந்த ஆசிரியையின் கோப்பைத் தேடினேன். வேறு ஊருக்கு மாறிவிட்டதாக மட்டும் இருந்தது.

இப்போதும் கிளினிக் செவ்வாய்க்கிழமைதான். வந்தவர்களுக்கெல்லாம் வியாழக்கிழமை மதியம் போன் பண்ணுகிறேன். பாதிப் பேர் எடுப்பதில்லை. கோப்பில், "வியாழன், போன் எடுக்க முடியாத நிலை" என்று எழுதுகிறேன்.