இரண்டு நுனி

ஜூன் 29
செங்காந்தள் கிழங்கைத் தோண்டியாயிற்று. கலப்பை மாதிரி இரண்டு கிளை. கிளைக்கு ஒரே முளைக்கண், அதுவும் நுனியில். ஒரு நுனியில் மண்வெட்டி பட்டுவிட்டது. பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போகிற அவசரம்.

ஜூன் 30
வேப்பமரத்தடியில், அரைநிழலில் படுக்கவைத்து மூடினேன். இரண்டு அங்குல ஆழம். மணல் கலந்தேன், தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

ஜூலை 11
ஒன்றுமில்லை.

ஜூலை 19
"முளைச்சுதா?" அப்பா வேறெதுவும் கேட்பதில்லை. நுனி உடைந்ததை நான் சொல்லவில்லை.

ஜூலை 26
போனில் அக்கா கத்தினாள். "பாப்பா இருக்கிற வீட்டுல விஷக் கிழங்கா?" நியாயம்தான். கிழங்கு முதல் விதை வரை விஷம். கால் பெருவிரல் வீங்கும்போது அப்பா விழுங்குகிறாரே கொல்சிசின், அதேதான் இதிலும். மாத்திரையில் அளந்து வைத்திருக்கிறார்கள். கிழங்கில் யார் அளந்தது? சுற்றிலும் கம்பிவலை கட்டினேன். கை கழுவினேன். ராத்திரி எழுந்து மறுபடி கழுவினேன். நட்ட அன்று கழுவினேனா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவில் வரவில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டியது அன்றைக்கா, மறுநாளா?

ஆகஸ்ட் 3
முளை! ஒன்றுதான். எந்த நுனி? தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கிறது. கூடாது.

ஆகஸ்ட் 20
இலையின் நுனியே சுருண்டு கம்பிவலையைப் பிடித்துக்கொண்டது. இதற்கென்று தனிக்கொடி கிடையாது, இலையே கை. போட்டோவை அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னொண்ணு எங்க?"

செப்டம்பர் 6
புழு. கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். அத்தனை விஷத்தையும் தின்று கொழுத்திருக்கிறது. 14 பொறுக்கினேன்.

செப்டம்பர் 7
இன்னும் 9.

செப்டம்பர் 19
பழைய வீட்டில் கிணற்றோர வேலியை எடுத்துவிட்டார்களாம். இதையும் அப்பாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 28
மொட்டு. பச்சையாக, தலைகுனிந்து.

அக்டோபர் 2
விரிந்துவிட்டது. ஆறு இதழும் பின்பக்கம் மடங்கி மேலே நிற்கின்றன. அடியில் மஞ்சள், மேலே சிவப்பு. சூல்தண்டு மட்டும் ஒடித்துவிட்டது போலப் பக்கவாட்டில் நீண்டிருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதன் அமைப்பே அப்படித்தான்.

அக்டோபர் 6
முழுச் சிவப்பு. அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்தோம். பூவைப் பார்த்தார். அப்புறம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9
ஒரு சாண் தள்ளி மண் லேசாக வெடித்திருக்கிறது. எறும்பாகவும் இருக்கலாம்.