சம்பளமில்லாத மே

ஏப்ரல் 30, புதன்

இன்றோடு முடிந்தது. மற்றவர்களுக்குக் கோடை விடுமுறை தொடங்குகிறது, எனக்கு வேலையே முடிகிறது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25 ஆயிரம், வருஷத்துக்குப் பதினொரு மாதம். மே என்ற மாதம் எங்கள் காலண்டரில் கிடையாது. பதினோராவது வருஷமாக இதே கதை, அதனால் புலம்பல் கூடப் பழையதாகிவிட்டது. ‘கௌரவ’ என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

கிளம்பும் நேரத்தில் மூன்றாம் ஆண்டு பிள்ளை ஒருத்தி துறை வாசலில் நின்றாள். காரைக்குடிப் பக்கம் புதுவயல்காரி, அப்பாவுக்கு ரைஸ்மில்லில் வேலை. “அம்மா, நான் எம்.ஏ. சேரட்டுமா, பி.எட். போகட்டுமா?” (வேறு துறைகளில் எல்லாரும் சார், மேடம்தான். தமிழ்த்துறை வாசற்படி தாண்டினால் ஐயா, அம்மா. சம்பளம் கூடாவிட்டாலும் இந்த ஒரு சலுகை உண்டு.) யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பதினோரு வருஷம் இதே வேலையில் இருந்துவிட்டு, இந்தக் கேள்விக்கு உடனே வாய் வரவில்லை.

மே 5, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் ஒரு கட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கட்டு. ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வைத்திருந்தோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. எல்லாக் கட்டுரையும் “பழமைக்குப் பழமையாய், புதுமைக்குப் புதுமையாய்” என்றுதான் தொடங்குகிறது. யார் சொல்லிக்கொடுத்தது? நாங்கள்தான், வேறு யார். எட்டாம் வகுப்பிலிருந்து கட்டுரை ஏட்டில் உட்தலைப்புக்கு மதிப்பெண் போட்டே பழக்கிவிட்டோம். இருபது தாள் தாண்டினால் கண் வாக்கியத்தைப் படிப்பதில்லை, வல்லினம் மிகாத இடத்தில் மிகுந்த ஒற்றை மட்டும் தேடிப் பிடிக்கிறது. சிவப்புப் பேனாவுக்கு என்ன தெரியும், பாவம்.

அந்தப் புதுவயல் பிள்ளை படைப்பிலக்கியத் தாளுக்கு எழுதிக் கொடுத்த பயிற்சிக் கட்டுரை என் பையிலேயே இருக்கிறது. தலைப்பு ‘களம்’. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலாலேயே கிண்டிவிடுகிறவர்களைப் பற்றியது. அதில் ஒரு வரி: “அப்பா வீட்டுக்கு வரும்போது அவருக்கு முன்னாடியே தவிட்டு வாசனை வந்து பாயில் உட்கார்ந்துகொள்ளும்.” நோட்ஸிலிருந்து வருகிற வரி இல்லை இது. இந்த மாதிரி ஒன்று வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும், சில வருஷம் அதுவும் வராது.

மே 11, ஞாயிறு

கோட்டையூர் போனேன், என் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் ஐயாவைப் பார்க்க. பெரிய வீடு, ஆனால் பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பங்கு. ஐயாவுக்கு உள்ளது ஒரு அறையும், வளவு என்கிற உள்முற்றத்தில் ஓர் ஓரமும். மற்ற அறைகள் பூட்டியே கிடக்கின்றன, பங்காளிகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் வந்து திறப்பதோடு சரி. ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். போனதும் தட்டு வந்துவிட்டது.

ஐயா மேலைச்சிவபுரி கணேசர் செந்தமிழ்க் கல்லூரியில் புலவர் படித்து, பண்டிதர் பயிற்சி முடித்து, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர். அப்போதெல்லாம் தமிழய்யா என்றால் மற்ற வாத்தியார்களைவிட ஒரு படி கீழேதான் உட்கார வைப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். ஐயாவிடம் சிவப்பு மை கிடையாது. பிழை இருக்கிற வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். என்ன பிழை என்று நாமே தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு போனால் புள்ளியை அழிப்பார். ஒரு புள்ளிக்காக இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். வல்லினம் மிகும் இடங்களை நான் சூத்திரத்தில் கற்கவில்லை, அந்தப் புள்ளிகளில்தான் கற்றேன்.

பிள்ளையின் கேள்வியைச் சொன்னேன். நேராகப் பதில் சொல்லாமல் பண்டிதமணி கதைக்குப் போய்விட்டார், அவர் வழக்கம் அது. மகிபாலன்பட்டி மு. கதிரேசச் செட்டியார், 1881-இல் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் இருந்தது சில மாதம்தான், கால் வேறு சுகமில்லை. தானாகவே படித்து, 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை கண்டு, அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். “அந்தப் பண்டிதமணிகிட்டப் படிச்சவர்தான் வ.சுப. மாணிக்கம். சின்னப் பையனா பர்மாவுக்குப் போயி, கடையில முதலாளிக்காகப் பொய் சொல்ல மாட்டேன்னுட்டுத் திரும்பி வந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில முதல்வர், கடைசியில மதுரையில துணைவேந்தர். இன்னைக்கு அந்தப் பண்டிதமணி விண்ணப்பம் போட்டா கம்ப்யூட்டரே வாங்காதும்மா.”

“கட்டுரை கொண்டாந்தியா?” என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

ஐயா சொன்னதிலிருந்து ஒன்று மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உ.வே.சா. 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தது எப்படி? அங்கே இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, எனக்கப்புறம் இவர் என்று கைகாட்டினார். உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருவர் இன்னொருவருக்குக் காட்டிவிட்டு எழுந்தார். அந்த முறைதான் நல்லது என்று சொல்ல வரவில்லை, கைகாட்ட ஆள் இல்லாதவன் வாசலிலேயே நின்றிருப்பான், தேர்வு வந்ததால்தான் என்னைப் போன்றவள் உள்ளேயே வர முடிந்தது. ஆனால் நான் எழுந்து யாருக்கு எதைக் காட்டுவது? ஒவ்வொரு ஜூனிலும் அந்த நாற்காலி எனக்கே நிச்சயமில்லை.

மே 19, திங்கள்

பிள்ளைக்குப் போன் செய்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். பி.எட். இப்போது இரண்டு வருஷம். அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு, பொதுப் பிரிவுக்கு 150-க்கு 90. அதில் தேறினாலே வேலை இல்லை, காலியிடம் அறிவிக்க வேண்டும், அதற்கு வேறு தேர்வு. மேல்நிலை வகுப்புக்குப் போக எம்.ஏ., பி.எட். இரண்டுமே வேண்டும். கல்லூரி என்றால் எம்.ஏ.வுக்கு மேல் நெட் அல்லது செட் என்கிற விரிவுரையாளர் தகுதித் தேர்வு. நான் படித்த எம்.பில். இப்போது கிடையாது, 2022-இல் எடுத்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பீஸ் அது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வருகைதரு ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் எழுதியதையும் சொன்னேன், என் கைக்கு வருவதையும் சொன்னேன்.

“முதலில் பி.எட்., எம்.ஏ.வை அஞ்சல் வழியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று முடித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “அம்மா, நீங்க அப்படியா படிச்சீங்க?”

இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று.

மே 27, செவ்வாய்

டியூஷன் பிள்ளைகள் நான்கு பேர். பத்தாம் வகுப்பு. காசு பால் கணக்குக்கு ஆச்சு. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஐயா கட்டுரையைக் கொடுத்தனுப்பினார். பிள்ளை பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள். பி.எட். விண்ணப்பம் போட்டாயிற்றாம். அப்பா சொன்னது பாதி, நான் சொன்னது பாதி. “எம்.ஏ. விடமாட்டேம்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது.

நான்கு பக்கத்தில் மூன்று புள்ளி. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். முதல் புள்ளி ‘களத்துக்கு போனேன்’, ப் விட்டுப்போச்சு, அவளே உடனே பிடித்துவிட்டாள். இரண்டாவதுக்குக் கால்மணி நேரம், ஒரே வாக்கியத்தில் ‘அவர்’ யார் என்று இரண்டு ஆளுக்குப் பொருந்தியது. மூன்றாவது, தவிட்டு வாசனை வரிக்கு நேரே. சொல் சொல்லாகப் பிரித்தோம், ஒற்று பார்த்தோம், எழுவாய் பயனிலை பார்த்தோம், ‘முன்னாடியே’ பேச்சுவழக்கு என்பதற்காகவா என்று சண்டை போட்டோம். அவள் ‘முன்பே’ என்று மாற்றிப் படித்துக் காட்டினாள், நன்றாகவே இல்லை.

கடைசியில் ஐயாவுக்கே போன் போட்டோம். தாளைப் பிடித்து வெளிச்சத்தில் பாரு என்றார். பார்த்தோம். புள்ளி பின்பக்கம் வரைக்கும் ஊறியிருந்தது.

“பணியார எண்ணெய்ம்மா அது. ஆச்சிகிட்டச் சொல்லிடாத.”