கயிற்றில் தொங்கும் புத்தகங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு எல்.பி. ஸ்கூலில் தமிழ்ப் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகள். நூலகத்துக்குத் தனி அறையெல்லாம் இல்லை, ஒரு பீரோ, அவ்வளவுதான். பூட்டியே வைத்தால் புத்தகம் கிழியாது. யாரும் படிக்கவும் மாட்டார்கள். அதனால் வராந்தாவில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். சாரல் அடித்தால் ஓடிப்போய்க் கழற்ற வேண்டும், அது வேறு. பீரோவில் இருந்தபோது தொடாதவர்கள், அட்டைப்படம் தெரிந்ததும் அடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகுப்பில் ஒருத்தி. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். பாடப்புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிப்பவள், ஒரு பல்லிக் கதையை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் போனாள். "வேற புக் எடு கண்ணு" என்றேன். "அம்மிச்சிக்கு இன்னும் முடியல டீச்சர்" என்றாள். தொழிலுறுதி வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போய்வரும் பாட்டிக்கு ராத்திரி இவள்தான் வாசித்துக் காட்டுகிறாளாம். நான் போட்ட டிக்டேஷனில் போகாத ல, ள தடுமாற்றம் அந்தப் பல்லியால் போய்விட்டது.

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு தினம். 1945இல் திருவிதாங்கூரில் கிரந்தசாலா சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தைத் தொடங்கிய பி.என். பணிக்கரின் நினைவு நாள். போஸ்டர், உறுதிமொழி எல்லாம் ஜோராக நடக்கும். எனக்கென்னவோ ஜூலையிலும் கயிறு காலியாகிறதா என்பதுதான் கணக்கு.

தமிழ்ப் புத்தகம் வாங்க நான் பொள்ளாச்சிக்குப் போவதுதான் வழக்கம். அடுத்த தடவைக்குப் பையன்கள் பட்டியல் கொடுத்துவிட்டார்கள்: பாம்பு, ஜேசிபி, பேய். பேய் வேண்டாம் என்கிறார் பக்கத்து வகுப்பு டீச்சர். நான் வாங்கத்தான் போகிறேன்.