கல்லிடைக்குறிச்சியில் ஒரு நீள வீடு

நேற்றுக் காலை கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆட்டோக்காரர் ஒரு கிலோமீட்டருக்கு 200 ரூபாய் கேட்டார் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்; இல்லாவிட்டால் வீட்டைப் பற்றி எழுதும்போதும் மனம் அங்கேதான் போய் நிற்கும். வாதாடியதில் 150-க்கு இறங்கினார். சென்னையிலிருந்து வந்த ரயில் தாமதமானதால் செங்கோட்டைப் பயணிகள் ரயிலைத் தவறவிட்டு, சன்னல் மூடாத ஒரு பாபநாசம் பேருந்தில், தலைக்கு நேர் மேலே அலறிய ஒலிபெருக்கியோடு பத்தமடையையும் சேரன்மகாதேவியையும் கடந்து வந்தவனுக்கு, 1,500 ரூபாய்க்குள் போய்த் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. வீரவநல்லூர் தாண்டிப் பொதிகை மலையும் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களும் தெரிந்த பிறகுதான் கோபம் சற்றுத் தணிந்தது.

நான் வளர்ந்த வீட்டை 22 ஆண்டுகளுக்குப் பின் பார்க்கிறேன். இவ்வூர்க் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து 2019-இல்தான் மீண்டார். அவரோடு ஒப்பிட்டால் நான் சீக்கிரம் வந்தவன். அவரிடம் யாரும் ஆட்டோக் கட்டணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அது அகலம் குறைந்த, இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட நீள வீடு. திண்ணையில் நின்றால் ரேழி என்னும் நடை, பட்டாசல் என்னும் கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டிப் புறவாசல் வெளிச்சம் ஒரு சதுரமாகத் தெரியும். பக்கச் சுவர்களில் சன்னலே கிடையாது. காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். எங்கள் வருமானமும் அதே முற்றத்திலிருந்துதான் வந்தது. உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவி, உலக்கையால் இடித்து, கயிறுபோல் உருட்டி, நூலால் துண்டு போட்டு, அம்மா வட்டமாகத் தேய்த்துக் கொடுப்பார். வெயில் அதிகம் பட்டால் அப்பளம் சுருண்டுவிடும் என்பதால், முற்றத்தில் விழும் வெயில் கல்வரிசையில் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்த்துத் துணியை நிழலுக்கு இழுப்பது என் வேலை. மூன்றாவது கல்லை வெயில் தொட்டால் பள்ளிக்குப் புறப்பட வேண்டும்; வீட்டில் கடிகாரம் இருந்தும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

இப்போது அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் அக்கா ஒருவர் தயங்காமல் உள்ளே அழைத்தார். முற்றத்தைக் காணோம், குரங்குத் தொல்லைக்காக மேலே தகரம் போட்டு மூடிவிட்டார்களாம். காலை பத்து மணிக்கே விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, புழுக்கமோ குறையவில்லை. குரங்குக்குக் கம்பி வலை போதாதா? சுண்ணாம்புக் காரையும் கனத்த சுவருமாகக் கோடையிலும் குளிர்ந்து கிடந்த வீட்டை ஒரு தகரத்தால் அடுப்பாக்கியது எனக்கு அடுக்கவே இல்லை. வாடகைக்கு இருப்பவரிடம் அதைச் சொல்லி என்ன பயன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா உட்கார்ந்த இடத்தைக் கேட்டதும், அக்கா அங்கிருந்த அரிசி மூட்டையை நகர்த்தினார். எத்தனை முறை கழுவியிருப்பார்களோ, ஒரு தாம்பாளத்தின் அளவுக்கு எண்ணெய்க் கறை கருப்பாக அப்படியே இருந்தது. "இது எதனால்னே தெரியாம தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிச்சதுதான் மிச்சம் தம்பி" என்றார்.

கடைத்தெருவில் அரைக் கிலோ அப்பளம் வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு நடந்தே போனேன்.