வண்டி விட்டு விட்டு மிஸ் ஆகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பைக் திடீரென்று ஒரு வெட்டு வெட்டும். அடுத்த நொடியே ஒன்றும் நடக்காதது போல இழுக்கும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே வெட்டு. இதைத்தான் மிஸ் ஆவது என்கிறோம். இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் முதலில் பிளக்கை மாற்றுவார்கள், பிறகு பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் ஹெச்.டி. காயில் (இக்னிஷன் காயில்), அதற்கும் பிறகு ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. யூனிட். ஒவ்வொரு முறையும் ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி மாட்டுவதால் உள்ளே இருக்கும் பின்கள் உரசிச் சுத்தமாகி, வண்டி சில நாள் ஒழுங்காக ஓடும். மாற்றிய பார்ட்டால்தான் சரியானது என்று நம்பிவிடுவோம். களிம்பு மறுபடி பிடித்ததும் பழைய கதைதான்.

ஒயர் கோளாறு எப்போதும் தலைகாட்டாது. அசைவு, சூடு, ஈரம், லோடு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் வெளியே வரும். ஸ்டாண்டு போட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். அதனால் முதல் வேலை கோளாறை வரவழைப்பது. தேடுவது அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால், இது பெட்ரோல் பிரச்சினையா, கரண்ட் பிரச்சினையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குறைந்தால் வண்டி மெதுவாகத் துவண்டு போகும், மீண்டு வருவதும் மெதுவாகத்தான். கரண்ட் அறுந்தால் சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்று, சட்டென்று திரும்பி வரும். சில சமயம் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கும் சத்தமும் கேட்கும். எலக்ட்ரானிக் டேகோ மீட்டர் உள்ள வண்டியில் மிஸ் ஆகும் நொடியில் முள்ளைப் பாருங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், இக்னிஷன் பக்கம் கரண்டோ சிக்னலோ அறுகிறது. அதே நொடியில் இண்டிகேட்டர், மீட்டர் லைட் எல்லாம் சேர்ந்து மங்கினால் தேட வேண்டிய இடம் இன்னும் சுருங்கிவிடும்: பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், எர்த் (பேட்டரி நெகடிவை ஃபிரேமோடும் இன்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு), சாவி சுவிட்ச்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் இதைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி 'விர்' என்று ஓடி நிற்கும், எச்சரிக்கை விளக்கு எரிந்து அணையும். ஒயரை அசைக்கும்போதோ வண்டி ஓடும்போதோ நடுவில் இதே சடங்கு மறுபடி நடந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்கு ஒரு கணம் கரண்ட் அறுந்து, அது புதிதாக விழித்திருக்கிறது. சென்சார்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. மெயின் ரிலே, ஃபியூஸ், ஈ.சி.யு.வின் எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள்.

எந்த வகை இக்னிஷன்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் தவறான ஒயரைத்தான் துரத்துவோம். ஏ.சி. சி.டி.ஐ. வண்டியில் ஸ்பார்க்குக்கான கரண்ட் மேக்னட்டில் (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் பகுதி) உள்ள தனிக் காயிலிலிருந்து வருகிறது. பேட்டரிக்கும் ஸ்பார்க்குக்கும் சம்பந்தமில்லை. கில் சுவிட்சும் (ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) சாவியும் அணைக்கப்படும்போது ஒரு ஒயரை எர்த் செய்து சி.டி.ஐ.யை நிறுத்துகின்றன. ஆகவே அந்தக் கில் ஒயர் ஹேண்டில் கழுத்தருகே தோல் உரிந்து ஃபிரேமில் உரசினால், உரசும் ஒவ்வொரு தடவையும் இன்ஜின் வெட்டும். பேட்டரி கரண்டில் ஓடும் டி.சி. சி.டி.ஐ., டி.சி.ஐ. (காயிலில் ஓடும் பேட்டரி கரண்டை டிரான்சிஸ்டரால் அறுத்து ஸ்பார்க் உண்டாக்கும் வகை), இன்ஜெக்ஷன் வண்டிகளில் இது தலைகீழ். அங்கே கில் சுவிட்ச் பேட்டரி சப்ளையை அறுக்கிறது, அதனால் வழியில் எங்கே லூஸ் காண்டாக்ட் இருந்தாலும் மிஸ்.

ஏ.சி. சி.டி.ஐ. என்றால் சோதனை எளிது. வண்டியின் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்து, சி.டி.ஐ.க்குப் போகும் கில் ஒயரை மட்டும் கழற்றி, முனையை டேப் சுற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ் போய்விட்டால் சுவிட்ச் பக்கம்தான் கோளாறு. ஆனால் அப்போது சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை மெல்ல விட்டு நிறுத்த வேண்டும். போக்குவரத்து இல்லாத இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

மல்டிமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது

மீட்டரைக் கன்டினியூட்டியில் (ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் அமைப்பு) வைத்தால் 'பீப்' வருகிறது, ஆகவே ஒயர் நல்ல ஒயர் என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அந்தச் சோதனையில் மீட்டர் ஒயர் வழியே அனுப்பும் கரண்ட் மிக மிகக் குறைவு. இக்னிஷன் காயிலோ சில ஆம்பியர் இழுக்கிறது. ஒரு கப்ளர் பின்னில் களிம்பால் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தடை உண்டு, அதனால் அளவில் கண்ணுக்குத் தெரியாது. 4 ஆம்பியர் ஓடும்போது அதே பின்னில் 0.8 வோல்ட் காணாமல் போகும். இப்படி மூன்று இடத்தில் இருந்தால் 12.5 வோல்ட் பேட்டரி இருந்தும் காயிலுக்குச் சேர்வது 10 வோல்ட்தான். டி.சி.ஐ. காயிலில் சேமிக்கப்படும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஐடிலில் அது போதும். முழு திராட்டில் கொடுத்து சிலிண்டரில் அழுத்தம் ஏறும்போது பிளக்கில் ஸ்பார்க் தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அங்கேதான் மிஸ் ஆகும். மேட்டில் மட்டும் மிஸ் ஆகிறது, சமதளத்தில் இல்லை என்று சொல்லும் வண்டிகளில் இதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் ஓமை விட்டுவிட்டு வோல்டேஜ் டிராப் பாருங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை காயிலின் சப்ளை ஒயரில் (டி.சி. சி.டி.ஐ. என்றால் சி.டி.ஐ. யூனிட்டின் சப்ளை ஒயரில்). இரண்டுக்கும் இடையே காட்டும் அளவுதான் வழியில் தொலைந்த வோல்ட். மொத்தமாக 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. மேலே போனால் ஃபியூஸின் இரு பக்கம், சாவி சுவிட்சின் இரு பக்கம், கில் சுவிட்சின் இரு பக்கம் என்று ஒவ்வொரு இடமாக அளந்து வாருங்கள். ஒரு நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. எர்த்துக்கும் இதே முறை: ஒரு முனை பேட்டரி நெகடிவில், மறுமுனை இன்ஜின் பாடியில், செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டுங்கள். கப்ளரில் அளக்கும்போது மீட்டர் ஊசியைப் பின்பக்கத்திலிருந்து ஒயரோடு ஒட்டி நுழையுங்கள். ஒயர் தோலில் குத்தினால் அந்தத் துளையே பிறகு ஈரம் நுழையும் வழியாகிவிடும்.

இந்த முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி செகண்டுதான் ஆகிறது. ஒயர் அதைவிடக் குறைந்த நேரம் அறுந்தாலே ஒரு ஸ்பார்க் போய்விடும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவை மாற்றிக் காட்டும், இந்த அறுப்பை அது பார்க்கவே முடியாது. களிம்பு போல நிலையாக இருக்கும் தடையைப் பிடிக்க மீட்டர், கணநேர அறுப்பைப் பிடிக்க விளக்கு. ஒரு 12 வோல்ட் எல்.இ.டி. இண்டிகேட்டர் விளக்கை எடுத்து, 1 ஆம்பியர் ஃபியூஸோடு, காயில் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே இணைத்து ஹேண்டிலில் டேப் போட்டு ஒட்டுங்கள். இழை பல்பு இதற்கு அவ்வளவு உதவாது, சூடு ஆற நேரம் எடுப்பதால் சின்ன அறுப்பை மறைத்துவிடும். வெட்டு விழும்போது எல்.இ.டி.யும் சிமிட்டினால் சப்ளை அறுகிறது. எல்.இ.டி. நிலையாக எரிய வண்டி மட்டும் வெட்டினால் பல்சர் காயில் (ஸ்பார்க் விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் சென்சார்), சி.டி.ஐ., காயிலுக்கு அடுத்த பக்கம் என்று நகருங்கள். ஏ.சி. ஆனாலும் டி.சி. ஆனாலும் சி.டி.ஐ. வண்டியின் காயிலில் இதை இணைக்காதீர்கள், அங்கே வருவது 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பு. டி.சி. சி.டி.ஐ. என்றால் யூனிட்டுக்கு வரும் 12 வோல்ட் சப்ளை ஒயரில் இணையுங்கள்.

அசைத்துத் தேடும் முறை

இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். பல வண்டிகளில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஹேண்டில் கழுத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) அதே இடத்தில் மடங்குகிறது. காலப்போக்கில் தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. கடைசி இழையும் முறிந்த பிறகும் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால், முறிந்த இடத்தில் மட்டும் தோல் ரப்பர் பேண்ட் போல நீண்டு மெலியும். நல்ல இடத்தில் நீளாது. கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடித்துவிடும்.

பிறகு ஒவ்வொரு கப்ளரையும் தனித்தனியே அசையுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் தொட வேண்டாம், எது காரணம் என்று தெரியாமல் போகும். சைடு ஸ்டாண்ட் சுவிட்சை மறக்காதீர்கள். சேற்றுக்கும் தண்ணீருக்கும் மிக அருகில் இருப்பது அதுதான், பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வெட்டும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஃபியூஸை வெளியே எடுத்து அதன் காலையும் ஹோல்டரையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அங்கே சூடு ஏறுகிறது, பிடி தளர்ந்திருக்கிறது. ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று ஒயர் கப்ளரும் இப்படிக் கருகுவதில் பேர்பெற்றது. அது கருகினால் சார்ஜிங் குறைந்து பேட்டரி இறங்கும், மிஸ் பின்னால் வரும். 4000 ஆர்.பி.எம். அருகே பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

சூடானால் மட்டும் வரும் மிஸ்ஸுக்குப் பல்சர் காயிலைச் சந்தேகிக்கலாம். ஆறியிருக்கும்போது அதன் ஓம் அளவைக் குறித்துக்கொண்டு, ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றியபடி மீட்டரைப் பாருங்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 200 ஓம் காட்டியது 85 டிகிரியில் 247 ஓம் அருகே வந்தால் அது இயல்பு. படிப்படியாக ஏறாமல் ஒரேயடியாகத் தாவினாலோ, திடீரென்று ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டினாலோ உள்ளே சுற்று முறிந்திருக்கிறது. இந்த ஒரு இடத்தில் ஓம் அளவை நம்பலாம், ஏனென்றால் பல்சர் காயில் ஓடுவதே மிகச் சிறிய கரண்டில்.

மழையில் மட்டும் மிஸ் ஆனால் இருட்டான இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் கேப், ஹெச்.டி. ஒயர், காயில் மீது ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தூவுங்கள். ஸ்பார்க் கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். கையால் தொடாதீர்கள். திருகி மாட்டும் வகைப் பிளக் கேப் என்றால் கழற்றிப் பாருங்கள்: ஒயர் முனையில் செம்பு பச்சையாகி மாவு போல உதிரும். 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டு, புதிய முனையில் திருகி மாட்டினால் பல வண்டிகளுக்கு அதுவே போதும். ரெசிஸ்டர் கேப்பின் தடையைத் தனியாக அளங்கள். பொதுவாக 5 கிலோ ஓம் இருக்கும், அதைவிட வெகுதூரம் தள்ளிப் போயிருந்தால் மாற்றுங்கள். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கை இன்ஜின் பாடியில் எர்த் ஆகும்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேப்பைக் காற்றில் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் தப்பிக்க வழியில்லாத வோல்ட் காயிலின் உள்காப்பை ஓட்டைபோடும்.

கண்டுபிடித்த பிறகு முறுக்கி டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. டேப்பின் பசை சூட்டில் இளகி வழிந்துவிடும், முறுக்கு அதிர்வில் தளரும். ஒயர் வெட்டிய இடத்தில் செம்பு கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும் வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். அதே தடிமனில் புதிய துண்டு சேர்த்து, சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஈயம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் குச்சி போல விறைப்பாக்கும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் முறியும். ஹேண்டில் கழுத்து போன்ற மடங்கும் இடத்தில் இணைப்பே வேண்டாம், மடங்காத இடம் வரை புதிய ஒயர் இழுத்து அங்கே சேருங்கள். கப்ளரில் பெண் பின் விரிந்திருந்தால் மெல்லிய ஊசியால் நாக்கை நெருக்கி, காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள்.

ஹார்னஸைத் திரும்பக் கட்டும்போது ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, எந்தப் பக்கமும் ஒயர் விறைக்காத அளவு தளர்வு விட்டு டேக் போடுங்கள். எல்.இ.டி.யை உடனே கழற்றிவிடாமல், மிஸ் எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலில், அதே சூட்டிலும் அதே மேட்டிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு கழற்றுங்கள்.