பத்திரத்தில் பேர் இல்லை, கடனில் இருக்கிறது

பதினான்கு வருடமாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். விவாகரத்துக்கு வரும் பெண்களில் நிறையப் பேர் முதல் நாளே கேட்பது, "வீட்டில் பாதி எனக்கு வந்துடும்தானே மேடம்?" என்றுதான். வராது என்று சொல்ல இன்றைக்கும் நாக்கு எழுவதில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொல்லும் சட்டம் இங்கே கிடையாது. பத்திரம் யார் பேரில், பணம் யார் கணக்கிலிருந்து போனது, இதை வைத்துத்தான் பேச்சு. இந்து திருமணச் சட்டம் 25ஆவது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், ஆனால் அது பங்கு இல்லை.

ஒரு ஆசிரியை வந்தார். வீட்டுக்கடன் தவணை கணவர் கணக்கிலிருந்து, மளிகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து எல்லாம் இவர் சம்பளத்திலிருந்து என்று பேசி வைத்துப் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டை மேஜையில் விரித்தால் அவர் பக்கம் மாதம் தவறாமல் தவணை, இவர் பக்கம் ஏடிஎம்மில் எடுத்த மூவாயிரமும் ஐயாயிரமும். பத்திரம் அவர் பேரில் மட்டும். ஆனால் கடன் தொகை கூடுதலாகக் கிடைக்க இவரையும் இணைக் கடன்தாரராகச் சேர்த்திருந்தார்கள்.

இதுதான் என்னை ரொம்ப வருத்துகிறது. தீர்ப்பு வந்ததும் கடன் தன்னைவிட்டுப் போய்விடும் என்று அந்த ஆசிரியை நம்பிக்கொண்டிருந்தார். போகாது. வங்கிக்கு அவர்கள் கணவன் மனைவி இல்லை, இரண்டு கடன்காரர்கள். ஒருவர் தவணை கட்டாவிட்டால் முழுத்தொகைக்கும் மற்றவரைக் கேட்கலாம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் சிபில் மதிப்பெண்ணும் இருவருக்கும் சரியும்.

அடுத்த முறை ஆசிரியையின் அம்மா ஒரு பழைய டைரியும் நகைக்கடை பில்களும் கொண்டுவந்தார். ஆரம், காசுமாலை, வளையல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பவுன் கணக்கு, மொத்தம் 38. அதில் 22 பவுன், கான்கிரீட் போடும் சமயத்தில் கணவர் பேரில் அடகுக்குப் போயிருக்கிறது. சீதனம், அதாவது கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த நகையும் பொருளும், மனைவியின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது, ஆக அடகு ரசீது யார் பேரில் இருந்தாலும் நகை இவருடையதுதான். 2020 முதல் ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். கணவர் கொடுத்ததில் அந்த நகைக்கடனும் இருந்தது. அப்புறம் அவரால் மறுக்க முடியவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் கணவர் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. அது விவாகரத்து வழக்கு இல்லைதான், ஆனாலும் சமரசப் பேச்சில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கடைசியில் கணவர் நகையை மீட்டுக் கொடுத்தார், மீதிக் கடனைப் புதிதாகத் தன் பேரில் மட்டும் மாற்றிக்கொண்டார். வீடு அவருக்கே.

இவருடைய பிரமாணப் பத்திரத்தில் அந்தப் பதினோரு வருடச் செலவையும் ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். "ஒண்ணுக்கும் ரசீது இல்லையே மேடம், எடுத்துடலாமா?" என்று ஜூனியர் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.