குல்மர்க் சரிவில் ஒரு தண்டையார்பேட்டைக் குடும்பம்

தண்டையார்பேட்டையில் குளிர் என்பது மார்கழி விடியலில் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்வதோடு முடிந்துவிடும். வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே தெருவெல்லாம் அதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, தை மாதத்தில் நண்பகலிலும் பனி உருகத் தயங்கும் காஷ்மீரின் குல்மர்க்குக்கு, பனிச்சறுக்குக் கற்பதற்கென்றே பொங்கல் விடுமுறையில் குடும்பமாகப் போய்வந்தோம். நானும் மனைவியும், கல்லூரியில் படிக்கும் மகளும், ஒன்பதாம் வகுப்பு மகனும் ஒரே சரிவில் ஒரே ஆசிரியரிடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மகளின் யோசனை. பிள்ளைகள் சறுக்க, பெற்றோர் ஓரமாக நின்று படம் பிடிக்கும் ஏற்பாட்டை அவள் முதலிலேயே மறுத்துவிட்டாள். அதற்காக அவளுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதில் கடைசி 13 கி.மீ. தங்மர்க்கிலிருந்து ஏறும் மலைப்பாதை. பனி கொட்டிய நாட்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகள்தாம் அதில் மேலே போக முடியும். தடித்த கோட்டும் ரப்பர் பூட்ஸும் தங்மர்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆகவே ஊரிலிருந்து மூட்டை கட்டிச் சுமக்க வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டி அணியும் உள்ளுடையை மட்டும் சொந்தமாக, யோசித்து வாங்க வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போது நாம் விரும்பிக் கேட்கும் பருத்தி அங்கே உதவாது. சறுக்கும்போது வியர்க்கும், அந்த ஈரத்தைப் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோதான் ஏற்றது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கக்கூடியது என்பதால், வானம் மூட்டமாக இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

கடல்மட்டத்தில் வாழும் நமக்கு 2,650 மீட்டர் உயரத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. போய் இறங்கிய அன்று நடப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் ஆசிரியர் தங்மர்க்காரர். எங்கள் தெருவில் அழைப்பதைப் போலவே அவரையும் "பாய்" என்றே அழைத்தோம். குல்மர்க்கில் பனிச்சறுக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில், 1927இலேயே இங்கு அதற்கென ஒரு கிளப் தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் பாய் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொன்னது, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிஃப் கானைப் பற்றித்தான். இந்தச் சரிவுகளில் சறுக்கி வளர்ந்த உள்ளூர்ப் பையன் அந்த இடத்துக்குப் போனதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததை நாங்கள் நால்வருமே கவனித்தோம்.

நானும் மனைவியும் மகளும் காலுக்கொரு பலகை பூட்டி, கையில் கம்புகளோடு சறுக்கும் ஸ்கீயைத் தேர்ந்தெடுத்தோம். கணுக்கால் அசையாதபடி இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பதே முதலில் பெரும்பாடு. பாய் முதலில் கற்றுத் தந்தது சறுக்கலை நிறுத்துவதற்கு. இரண்டு பலகைகளின் முன்முனைகளையும் நெருக்கி, குதிகால்களை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பலகைகளின் உள்விளிம்பு பனியில் பதிந்து வேகம் குறைகிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இதைச் செய்யவிடாமல் தடுப்பது நம் பயம்தான். சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இல்லாமல் போய், திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கீழ்நோக்கிப் போகும்போது முன்னால் குனிந்து, முழங்காலை மடித்து, கணைக்காலின் முன்பக்கம் பூட்ஸில் அழுந்தும்படி நிற்க வேண்டும். எங்களில் இதை முதலில் பிடித்துக்கொண்டவள் என் மனைவி. அவள் நிதானமாக வளைந்து வளைந்து இறங்கி, சொன்ன இடத்தில் நின்றபோது, பிள்ளைகள் இருவரும் அம்மாவிடம் போய் எப்படி என்று கேட்டார்கள். நான் இத்தனை தொலைவு வந்தது இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

மகன் மட்டும் ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்றான். அதில் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். கையில் ஊன்றக் கம்பும் கிடையாது. எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்று பார்க்க, பாய் அவன் எதிர்பாராதபோது பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார். இடது கால் முன்னால் வந்தது. வியாசர்பாடியில் குத்துச்சண்டை பழகும் பையன் அவன். வளையத்துக்குள் நிற்பதைப் போலவே பலகையிலும் நின்றான். ஆனாலும் தொடக்கத்தில் எங்கள் எல்லாரையும்விட அதிகமாக விழுந்தவன் அவன்தான். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் ஆளை அப்படியே அடித்துப் போட்டுவிடும். ஸ்கீயில் பலமாக விழுந்தால் பலகை பூட்ஸிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும், ஸ்னோபோர்டு கழலாது. விரித்த கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும் என்பதால், கையை மூடிக்கொண்டு முன்கையில் விழச் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்கீயில் தொடக்கம் சுலபம், நுணுக்கம் கடினம். ஸ்னோபோர்டில் தொடக்கம்தான் கடினம், விளிம்பு வசப்பட்டுவிட்டால் முன்னேற்றம் வேகமாக வருகிறது என்று பாய் சொன்னது அவன் விஷயத்தில் அப்படியே நடந்தது.

இரண்டு வகையாகக் கற்பதால் குடும்பம் பிரிந்துவிடுமோ என்று கவலைப்பட்டிருந்தேன். ஆனால் அதுவே எங்களைச் சேர்த்து வைத்தது. சமதளம் வந்தால் ஸ்கீக்காரர் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஸ்னோபோர்டுக்காரரோ ஒரு காலைக் கழற்றி உந்தித்தான் நகர வேண்டும். அங்கெல்லாம் "கம்பக் குடுக்கா" என்று மகன் கேட்பதும், "கெட்டியாப் புடிச்சுக்கடா" என்று மகள் தன் கம்பை நீட்டி இழுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டன. வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை போடும் பிள்ளைகள் இவர்கள்.

குல்மர்க்கின் கேபிள் கார் இரண்டு கட்டமாக, முதலில் கோங்தூரிக்கும், பிறகு 3,900 மீட்டருக்கும் மேலே அஃபர்வத் மலைக்கும் ஏறுகிறது. முதல் கட்டம் வரை பயணிகளாக மட்டும் போய்த் திரும்பினோம். அங்கிருந்து சறுக்கி இறங்கலாமா என்று மகன் கேட்டதற்குப் பாய் கண்டிப்பாக மறுத்துவிட்டார். நினைத்த இடத்தில் நிற்கத் தெரியாதவருக்கு அங்கே இடமில்லை என்றார். மேல்சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. முதல்முறை போகும் குடும்பங்கள் அடிவாரத்துச் சிறு சரிவுகளையே நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து. வேண்டிய அளவு வேலையும் மகிழ்ச்சியும் அங்கேயே இருக்கின்றன.

அடுத்த குளிர்காலத்தில், குல்மர்க்கில் மத்திய அரசு நடத்தும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் வகுப்பில் சேர மகள் விரும்புகிறாள். சறுக்கும்போது எங்களுக்கு முதலில் ஓய்ந்துபோனது தொடைதான். ஆகவே இப்போது மாலைகளில் திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் நால்வரும் நடக்கிறோம். வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கும் கணக்கை மகன் எழுதி வைக்கிறான்.